எத்தனை ஊர், எத்தனை இரவு?

இத்தாலி என்று முடிவானதும் வீட்டில் முதலில் தயாராவது ஊர்ப் பட்டியல்தான். ரோம், வெனிஸ், ஃப்ளோரன்ஸ் மூன்றும் யாரும் சொல்லாமலே ஏறிக்கொள்ளும். பீசா கோபுரத்தைப் பார்க்காமல் வருவதா என்பார் ஒருவர். மிலான் போகிற வழிதானே என்பார் இன்னொருவர். அமால்ஃபி கடற்கரைப் படம் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். பத்து நாள் விடுமுறைக்கு எட்டு ஊர் சேர்ந்துவிடும். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் உங்களுக்குக் கிடைக்கும் இரவுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸுக்கு இரண்டேகால் மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊர் மாறும் நாளில் காலையில் பெட்டி கட்ட வேண்டும். பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். இறங்கிய ஊரில் வழி கண்டுபிடித்துப் போனால், அறை மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் என்பார்கள். ஒன்றரை மணி நேர ரயில் பயணம் அரை நாளை எடுத்துக்கொண்டுவிடுகிறது. பத்து இரவில் ஐந்து முறை ஹோட்டல் மாறினால் இரண்டரை நாள் பெட்டியோடு போய்விடும்.

அதனால் என் அளவு இது: ஏழு இரவு என்றால் இரண்டு ஊர், பத்து இரவு என்றால் மூன்று, பதினான்கு என்றால் நான்கு. எந்த ஊரிலும் ஒரே ஓர் இரவு மட்டும் தங்காதீர்கள். மற்ற ஊர்களைக் காலையில் போய் மாலையில் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அறையிலேயே இருக்கும். கையில் தண்ணீர் பாட்டிலும் டிக்கெட்டும் போதும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என்ற பழைய மூன்றைத்தான் சொல்வேன். எல்லோரும் போகிறார்கள் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. மிலானை இந்த முறை விட்டுவிடலாம். லியொனார்தோ தா வின்சியின் ‘கடைசி இரவு உணவு’ ஓவியத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் மிலான். அது இருப்பது சாந்தா மரியா தெல்லே கிராஸியே மடத்தின் பழைய உணவுக்கூடத்தில். சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், கால் மணி நேரம்தான் நிற்கலாம். டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பாகவே பிடிக்க வேண்டும்.

வெனிஸிலிருந்து தொடங்குங்கள்

விமான டிக்கெட்டை ரோம் போய் ரோமிலிருந்தே திரும்புவதாக எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் கடைசியில் வெனிஸிலிருந்து ரோமுக்கு நான்கு மணி நேரம் வெறுமனே திரும்பி வர வேண்டியிருக்கும். ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறும்படி எடுங்கள். சென்னையிலிருந்து இத்தாலிக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாக வெனிஸ், மிலான், ரோம் மூன்றுக்கும் போகலாம். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் தேடினால் விலை ஏறும். தளத்தில் ‘பல நகரங்கள்’ என்ற பிரிவில் தேடினால் சாதாரண இருவழிக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வெனிஸில் இறங்கி ரோமில் ஏறுவதா, ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுவதா? நான் உறுதியாக முதல் வழியின் பக்கம். கோடையில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் ஆறு மணிக்கு எழுகிறவருக்கு அங்கே இரண்டரைக்கே விழிப்பு வந்துவிடும். புரண்டு புரண்டு படுத்தாலும் ஐந்து மணிக்கு மேல் தூக்கம் பிடிக்காது. வேறெந்த ஊரிலும் இது தொல்லை. வெனிஸில் இதுவே வரம். பகல் பத்து மணிக்கு மேல் ஒருநாள் பயணிகள் வந்து குவிந்து, மாலை நான்கு, ஐந்து மணிவரை சந்துகளில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. விடியற்காலையில் அதே ஊர் உங்களுடையது. சான் மார்கோ சதுக்கத்தில் புறாக்களும் குப்பை வாரும் பணியாளர்களும் மட்டும் இருப்பார்கள். ரியால்தோ பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், காய்கறிப் பெட்டிகளையும் துவைத்த ஹோட்டல் விரிப்புகளையும் ஏற்றிய சரக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். 1591இல் கட்டி முடித்த அந்தக் கல்பாலத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க அந்த நேரத்தை விட்டால் வேறு வழியில்லை.

வெனிஸ் அறை விலை கண்ணைக் கட்டும். அதனால் கடல் தாண்டி நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கி, பத்து நிமிட ரயிலில் வந்து போகலாம் என்று யோசனை சொல்வார்கள். கணக்குக்கு அது சரிதான். ஆனால் மேலே சொன்ன விடியற்காலையும் கூட்டம் வடிந்த பிறகான இரவும் அதோடு போய்விடும். ஓர் இரவைக் குறைத்துக்கொண்டாவது தீவுக்குள் தங்குங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 2024 ஏப்ரல் 25 முதல், ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. மெஸ்த்ரே உட்பட வெனிஸ் நகராட்சிக்குள் தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. ஆனால் நகரின் இணையதளத்தில் பதிந்து விலக்குச் சீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அறை பிடிக்கும்போது ஹோட்டல்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது: படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசலுக்கு வர எத்தனை பாலம்? ஒவ்வொரு பாலமும் படிக்கட்டுதான். உருளும் சக்கரம் அங்கே உதவாது; பெட்டியைத் தூக்கித்தான் ஏற வேண்டும். அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் பாலமே இல்லாத வழியாகப் பார்த்து எடுங்கள். ‘வப்போரெத்தோ’ என்னும் பயணிகள் படகுக்கு ஒருமுறை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் பாஸ்களும் உண்டு. ஒரு நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தால் பாஸ்தான் லாபம். ரயில் நிலையத்து வாசலிலேயே முதலாம் எண் படகில் ஏறி, முன்பக்கம் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, பெருங்கால்வாய் முழுவதும் சான் மார்கோ வரை ஒருமுறை போங்கள். எல்லா நிறுத்தத்திலும் நின்று முக்கால் மணி நேரம்வரை எடுக்கும். கொண்டோலாவுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது.

கிழமை பார்த்துப் போங்கள்

தேதியைவிடக் கிழமைதான் இத்தாலியில் முக்கியம். ஃப்ளோரன்ஸின் உஃபீஸி, மைக்கலாஞ்சலோவின் தாவீது நிற்கும் அக்காதேமியா, ரோமின் போர்கேஸே, மிலானின் ‘கடைசி இரவு உணவு’ எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும்; மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்து இலவசமாக விடுவார்கள், அன்றைய வரிசையில் நிற்பதற்குப் பணம் கொடுத்தே போய்விடலாம். புதன் காலையில் போப் பொதுமக்களைச் சந்திக்கும் நேரத்தில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். உள்ளூர் மக்களுக்கு அது நல்ல ஏற்பாடு. கடல் கடந்து போகும் நாம் அன்றைக்குக் கொலோசியம் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இத்தனையையும் வைத்து ஒரு பத்து இரவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை பகலில் வெனிஸில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவு அங்கே. சனிக்கிழமை சான் மார்கோ பேராலயம், தோஜேயின் அரண்மனை. ஞாயிறு காலை சான் மார்கோ வழிபாட்டுக்கு மட்டும் என்பதால் அன்று படுவா. திங்கள் காலை ஃப்ளோரன்ஸுக்கு ரயில். அன்று உஃபீஸி மூடியிருப்பது நமக்கு நஷ்டமில்லை. பிற்பகலில் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறலாம். புரூனெலெஸ்கி 1436இல் கட்டி முடித்தது அது. 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயிருந்து பார்ப்பதே அழகு. செவ்வாய் காலை உஃபீஸி, மாலை அக்காதேமியா. புதன் சியெனா. வியாழன் காலை ரோம். வெள்ளி வாத்திகன், சனி பொம்பெய், ஞாயிறு கொலோசியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொலோசியத்துக்குப் போகும் அகலமான சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடுச்சாலையில் காலாற நடந்து போகலாம். அன்று முதல் ஞாயிறாக அமைந்துவிட்டால் சனியையும் ஞாயிறையும் மாற்றிக்கொண்டால் ஒன்று சரியாகி மற்றொன்று கெடும், ஏனென்றால் பொம்பெயும் அன்று இலவசம். அப்போது கொலோசியத்தை வியாழன் பிற்பகலுக்கு மாற்றிவிட்டு, ஞாயிறைப் பழைய ஆப்பியா நெடுஞ்சாலைக்குக் கொடுங்கள். திங்கள் விமானம்.

உங்கள் விமானம் வேறு கிழமையில் இறங்கினால் இந்த வரிசை கலையும். கலையட்டும், மூடும் நாள்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நீங்களே மறுபடி அடுக்குங்கள். ஒரு மணி நேர வேலை. அங்கே பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பதை அது மிச்சப்படுத்தும்.

மாதத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதம். இத்தாலியில் நடந்து சுற்ற ஏற்ற மாதமும் மே. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அதேபோல் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ரோம் நம்ம ஊர் வெயிலாகவே இருக்கும், நிழல்தான் குறைவு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி உள்ளூர்க் கடைகளும் உணவகங்களும் பல மூடிக் கிடக்கும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் தேசிய விடுமுறைகள். அவற்றோடு வாரக்கடைசி சேர்ந்தால் ரயிலிலும் ஹோட்டலிலும் இத்தாலியர்களே இடம் பிடித்துவிடுவார்கள்.

எதை எப்போது பதிவது

விசாதான் முதல். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுகளுக்கு 90 நாள்வரை வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். மே பயணத்துக்கு ஏப்ரலில் போய் நின்றால் நேர்காணலுக்குத் தேதியே கிடைக்காது. ஜனவரியில் வேலையைத் தொடங்குங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணத்தில் சுவிட்சர்லாந்தையோ பிரான்ஸையோ சேர்த்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. விசா கையில் வரும்வரை ஹோட்டல்களைப் பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் எடுங்கள்.

மற்றவை தாமாகவே ஒரு வரிசையில் வருகின்றன. அதிவேக ரயில் டிக்கெட்டுகள் ஏறத்தாழ நான்கு மாதம் முன்னால் விற்பனைக்கு வரும். சீக்கிரம் வாங்கினால் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதுண்டு. வாத்திகன் அருங்காட்சியக டிக்கெட் 60 நாள் முன்பு. கொலோசியம் 30 நாள் முன்பு. இவற்றின் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்து, விற்பனை திறக்கும் அன்றே அதிகாரபூர்வத் தளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட் இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொலோசியம், உஃபீஸி, பொம்பெய் போன்ற அரசு இடங்களில் நுழைவு இலவசம். ஆனாலும் அவர்கள் பெயரிலும் நேரச் சீட்டு எடுக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கொலோசியம் டிக்கெட் 2023 அக்டோபர் முதல் ஆளின் பெயரில்தான் தரப்படுகிறது, பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பொம்பெயிலும் ரயிலிலும் பெயர் உண்டு. நமக்கோ இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கி அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து ஒரு மாதிரி. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு குறிப்பில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, விசா விண்ணப்பம் தொடங்கி படகுப் பாஸ் வரை அதையே ஒட்டுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் கிளம்புவதற்கு மாதங்கள் முன்பே அதைத் திருத்திக்கொள்வது நல்லது; ஏறக்குறைய எல்லாத் தளமும் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய நகரில் விமானம் மாறினால் இந்தச் சோதனை அங்கேயே நடக்கும். இடையில் இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டு எடுங்கள்.

ரயில்

அதிவேகப் பாதையில் இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன: அரசின் திரெனிதாலியா, 2012இல் வந்த தனியார் நிறுவனமான இதாலோ. வேகமும் வசதியும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டின் தளத்தையும் பார்த்து மலிவானதை எடுங்கள். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் பணம் போனது போனதுதான். ஐரோப்பா முழுவதற்குமான ரயில் பாஸ் இத்தாலிக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது; அதிவேக ரயிலில் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

ஸ்டேஷன் பலகைகளில் ஊர்ப் பெயர் இத்தாலிய மொழியில்தான் இருக்கும். ஃப்ளோரன்ஸ் அங்கே ஃபிரென்ஸே. வெனிஸ் வெனேஸியா, நேபிள்ஸ் நாபொலி, படுவா பாதொவா. நகர மையத்து நிலையம் ஃப்ளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா, வெனிஸில் சாந்தா லூசியா, ரோமில் தெர்மினி. இவற்றைத் தவிர அதே ஊர்ப் பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே முழுப்பெயரைப் பாருங்கள். இன்னொன்று: புறப்படும் ரயில்களின் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போடுவார்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு நீங்கள் ஏறவேண்டிய ரயில் ‘நாபொலி’ அல்லது ‘சலெர்னோ’ என்று நிற்கும். ரோம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கையில் ரயில் போய்விடும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைத்தான் பலகையில் தேட வேண்டும். பிளாட்பார எண் கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்புதான் வரும், பதற வேண்டாம்.

படுவா, பீசா போன்ற இடங்களுக்கு ஓடும் வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, விலையும் மாறாது. காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி, தேதி முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் உண்டு. போனில் வாங்கினால் ஏறும் முன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும்.

வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் தேதி சொல்லிவிட்டுத்தான் வரும். வேலை நாள்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. நீண்டதூர ரயில்களில் கட்டாயம் ஓடுபவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்க இயலாத பெரியவர்கள் கூட வந்தால் ரயில் நிலையங்களின் ‘சாலா ப்ளூ’ சேவைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். சக்கர நாற்காலியோடு ஆள் வந்து ரயிலில் ஏற்றிவிடுவார், இறங்கும் ஊரிலும் ஒருவர் காத்திருப்பார். கட்டணம் இல்லை.

காரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த மூன்று ஊருக்கும் கார் வேண்டவே வேண்டாம். பழைய நகர்ப்பகுதிகளுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும். யாரும் நிறுத்தமாட்டார்கள், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். தொஸ்கானாவின் மலைக்கிராமங்களுக்காக ஓரிரு நாள் எடுப்பதென்றால் நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ஒருநாள் பயணங்கள்

வெனிஸிலிருந்து படுவா அரை மணி நேரம். அங்கே ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம். ஜொத்தோ 1305 வாக்கில் வரைந்து முடித்த சுவரோவியங்கள். இத்தாலியில் ஒரே ஓர் அறையைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முன்பதிவு கட்டாயம். உள்ளே போகும் முன் கண்ணாடி அறை ஒன்றில் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். நம் உடலோடும் உடையோடும் வரும் ஈரமும் தூசியும் அடங்கத்தான் அந்தக் காத்திருப்பு. அதற்குள் ஓவியங்களைப் பற்றிய படம் ஓடும், கவனித்துப் பாருங்கள். பிறகு கதவு திறக்கும். தலைக்கு மேலே நீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். சுவர் முழுக்க மரியாளின் கதையும் இயேசுவின் கதையும் கட்டம் கட்டமாக இறங்கி வரும். யூதாஸ் முத்தமிடும் காட்சியில் இரண்டு முகங்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, யார் கண் யாரைப் பார்க்கிறது என்று பாருங்கள். சடலமாகக் கிடக்கும் இயேசுவைச் சுற்றி அழும் பெண்களின் முதுகுகூட அழுகிறது. மறுபடி கால் மணி நேரத்தில் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் போனை எடுக்காதீர்கள்.

ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனாவுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ரயிலும் உண்டு, ஆனால் ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது, பேருந்து பழைய ஊரின் பக்கத்திலேயே இறக்கிவிடும். பீசாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். கோபுரத்தைப் பார்க்க அரை நாள் போதும்.

ரோமிலிருந்து பொம்பெய் நீண்ட நாள். நேபிள்ஸ் வரை அதிவேக ரயில் ஒரு மணி பத்து நிமிடம். அங்கே மத்திய நிலையத்துக்குக் கீழேயே ‘சிர்கும்வெசுவியானா’ என்ற புறநகர் ரயில். நாற்பது நிமிடத்தில் ‘பொம்பெய் ஸ்காவி’ நிலையம், வாசல் எதிரிலேயே. அந்த ரயில் பழையது, நெரிசலானது. பர்ஸை முன்பையில் வையுங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் மூடிய அந்த நகரத்தில் நிழல் அரிது, தரை முழுக்கக் கரடுமுரடான கல். தொப்பியும் நல்ல ஷூவும் கட்டாயம். நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டை முன்னதாக எடுங்கள். திரும்பும் வழியில் தெம்பு மிச்சமிருந்தால் நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ‘பொம்பெய் லட்சுமி’ பார்வைக்கு இருக்கிறாளா என்று கேளுங்கள். இந்தியத் தந்தச் சிற்பம் அது, ஒரு சாண் உயரம்தான் இருக்கும். 1938இல் பொம்பெயின் வீடு ஒன்றில் கிடைத்தது. லட்சுமி அல்ல, யட்சி என்றும் சொல்வார்கள். நம் கரையிலிருந்து மிளகும் முத்தும் போன காலத்தில் அவளும் போயிருக்கிறாள்.

மிலானில் இறங்கி வெனிஸுக்கு ரயிலில் போகிறவர்களுக்கு வழியில் ஒன்று. கார்தா ஏரிக்கரையில் தெசென்சானோ நிலையம் வரும். அதற்குத் தெற்கே பக்கத்தில்தான் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் 1680இல் பிறந்தது அங்கே. வழக்கமான சுற்றுலாப் பட்டியல்களில் அந்த ஊர் இருக்காது. தமிழ் படிப்பவர்கள் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கலாம்.

அறையும் சாப்பாடும்

மூன்று ஊரில் நடுவில் வரும் ஃப்ளோரன்ஸில் மட்டும் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீடாக எடுங்கள். ஆளுக்கு ஐந்து நாள் துணி போதும் என்றாகிவிடும், பெட்டி பாதியாகும். இடையில் ஒருவேளை ரசம் சோறு கிடைப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். அரிசியும் தயிரும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ரோமில் தெர்மினி அருகே எஸ்குயிலினோ சந்தையில் பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். எந்த ஊரிலும் தங்கும் வரி என்று ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் 6 யூரோ. பெரியவர்கள் நால்வர் நான்கு இரவு தங்கினால் 96 யூரோ, இணையத்தில் நீங்கள் கட்டிய தொகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

சைவர்கள் இத்தாலியில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, கேட்டுச் சாப்பிட வேண்டும். தக்காளியும் காரமும் போட்ட பென்னே அர்ராபியாத்தா, பூண்டும் மிளகாயும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த ஆல்யோ எ ஓல்யோ இரண்டும் நம் நாக்குக்குப் பிடிக்கும். பீட்சா மரினாரா என்ற பெயரைப் பார்த்து மீன் என்று நினைக்காதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸ்கூடக் கிடையாது. கவனமாக இருக்க வேண்டியவை: கார்போனாராவிலும் அமாத்ரிச்சானாவிலும் பன்றிக் கொழுப்பு. ரிசோத்தோ சோறு போல இருந்தாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கும். ரோமில் பூசணிப்பூ பஜ்ஜிக்குள் நெத்திலி மீன் வைப்பார்கள். அசல் பார்மிஜானோ, பெக்கொரினோ சீஸ்களைத் திரிக்க விலங்கு நொதிதான். கடுமையாகப் பார்ப்பவர்கள் “சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ” என்று சொன்னால் சீஸ் போடமாட்டார்கள். “சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே”: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இரண்டையும் சொல்லுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறையப் பேர்.

மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் நல்ல சமையலறைகள் அடைத்திருக்கும். குழந்தைகளுக்கு மாலையில் பேக்கரிகளில் வெட்டி எடை போட்டுத் தரும் பீட்சாவை வாங்கிக் கொடுங்கள். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது இருக்கைக் கட்டணம், சண்டை போட வேண்டாம். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. ரோமின் தெருக்குழாய்களில் ஓயாமல் கொட்டும் தண்ணீர் குடிநீர்தான்; பாட்டிலை அதிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்

ரோம் தெர்மினியிலிருந்து ஃபியூமிசீனோ விமான நிலையத்துக்கு ‘லியொனார்தோ எக்ஸ்பிரஸ்’ ரயில் 32 நிமிடம், 14 யூரோ. நான்கு பேராகப் பெட்டிகளோடு இருந்தால் டாக்சியே சிக்கனம். பழைய நகர எல்லைக்குள்ளிருந்து விமான நிலையத்துக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு, பெட்டிக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பு சுங்கக் கவுன்டரில் அதைச் சரிபார்க்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தோல்பையையோ ஷூவையோ பெட்டியில் மேலாக வையுங்கள். அந்த வரிசைக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.